ஓட்டைக் குண்டானின் ஓட்டைகளை அடைத்தது தொடர்பாக

அனுப்புநர்
மு. கௌதம்,
த/பெ. முனீஸ்வரன்,
டூல் ரூம் டெக்னீசியன்,
ராயக்கோட்டை சாலை,
ஓசூர்.

பெறுநர்
சார் ஆட்சியர் அவர்கள்,
சார் ஆட்சியர் அலுவலகம்,
ஓசூர்.

பொருள்: மகளிர் கல்லூரிகள் கால்பந்துப் போட்டி – தோற்ற அணிக்கு வழங்கப்பட்டு வந்த ‘ஓட்டைக் குண்டான்’ – ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, என் மனைவியின் பெயரைப் பொறித்து, வென்ற அணிக்கு வழங்க ஏற்பாடு – தடுத்து நிறுத்தக் கோருதல் – சார்பாக.

பார்வை: 15.03.2025 அன்று நடைபெறும் பரிசளிப்பு விழா அழைப்பிதழ் (தாங்கள் சிறப்பு விருந்தினர்).

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். இந்த மனுவை முதலில் உங்க ஆபீஸ் வெளிய உக்காந்து மனு எழுதற அண்ணன்கிட்டதான் எழுதக் குடுத்தேன். நல்லாத்தான் எழுதினாரு. ஆனா ‘கண்ணீர் மல்கத் தாழ்மையுடன்’னு ஆரம்பிச்சுட்டாரு. எனக்குக் கண்ணீரும் வரல, தாழ்மையும் இல்ல. பொய்யா கையெழுத்து போடக் கூடாதுன்னு அதை அவர்கிட்டயே குடுத்துட்டு நானே எழுதறேன். எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும். பொறுத்துக்கணும்.

1. நான் சிப்காட்டுல ஒரு கம்பெனியில டூல் ரூம்ல வேலை பாக்கறேன். டூல் அண்ட் டை டிப்ளமோ முடிச்சவன். என் மனைவி சரிதா ஓசூர்ல ஒரு தனியார் மகளிர் கல்லூரியில பி.டி. மேடமா இருந்தா. போன கார்த்திகையில காய்ச்சல் வந்து இறந்துட்டா. வயசு இருபத்தொம்போது. அது சம்பந்தமா இந்த மனுவுல எந்தக் கோரிக்கையும் இல்ல.

2. வர்ற சனிக்கிழமை நடக்கற விழாவுல தாங்க ஒரு வெள்ளிக் கலர் கோப்பையை, லீக்ல முதல் இடம் வந்த டீமுக்குக் குடுக்கப் போறீங்க. அழைப்பிதழ்ல ‘சரிதா நினைவு வெற்றிக் கோப்பை’னு போட்டிருக்கு. அது கோப்பை இல்ல. அது எங்க வீட்டு அலுமினியக் குண்டான். அதைத் தொடறதுக்கு முன்னாடி அது என்னன்னு தாங்க தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் இந்த மனு.

3. சரிதா கல்லாவி பொண்ணு. காலேஜ் படிக்கும்போது மூணு வருசம் கோல்கீப்பர். உயரமா இருக்கான்னு நிறுத்தினாங்க, பந்து பிடிக்க வரும்னு இல்ல. இது நான் சொல்றது இல்ல, அவளே சொன்னது. ஒரு தடவை அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்த டீம் கோல் மேல கோலா போட்டுட்டு, கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னு ‘தூத்து பாத்ரே, தூத்து பாத்ரே’னு கன்னடத்துல கத்தியிருக்காங்க. ஓட்டைப் பாத்திரம்னு அர்த்தம். நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா, அன்னிக்கே அதைத் தமிழ்ல மாத்தி ஓட்டைக் குண்டான்னு பேரு வச்சுட்டாங்க. ஹாஸ்டல்லயும் அந்தப் பேரு, மெஸ்லயும் அந்தப் பேரு. ஊருக்குப் போற பஸ்ல கண்டக்டரு, கல்லாவிக்கு ஓட்டைக் குண்டான் ஒண்ணா, டிக்கெட் எடும்மான்னு கேக்கற அளவுக்குப் போயிடுச்சு. அவளும் ஒண்ணுதாண்ணா, ஆனா மூடி இல்லன்னு சொல்லிட்டு டிக்கெட் வாங்குவாளாம்.

4. அந்தப் பேரு அவளுக்குப் பெருசா வலிக்கல. அவளுக்கு வலிச்சது வேற. தோக்கற டீம் இங்கெல்லாம் மேட்ச்சை முடிக்கறதே இல்ல. அஞ்சாறு கோல் வாங்கிட்டா, இடைவேளையில ஜெர்சி மேலயே சுடிதாரை மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துடுவாங்க. வாக் ஓவர்னு எழுதிக்குவாங்க. குத்தம் சொல்ல முடியாது. இருட்டறதுக்குள்ள வீடு போகணும். ஜெயிச்சுட்டு லேட்டா வந்தா வீட்டுல ஒரு பேச்சோட முடியும். தோத்துட்டு லேட்டா வந்தா அடுத்த நாளே பந்து வேணாம், தையல் மெஷின் போதும்னு சொல்லிடுவாங்க.

எங்களுக்குக் கல்யாணமான புதுசுல ஒரு நாள் டிவியில ஏதோ மேட்ச் ஓடிட்டு இருந்தது. ரெஃப்ரி கடைசி விசில் ஊதற நேரம், சத்தம் கூட்டுங்க, சத்தம் கூட்டுங்கன்னு சமையல் ரூம்ல இருந்து ஓடி வந்தா. எதுக்குன்னு கேட்டேன். நான் ஆடின ஒரு மேட்ச்லயும் இதைக் கேட்டதில்லைங்க, நாங்கதான் முன்னாடியே போயிடுவோமேன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா ரொம்ப நேரம் அங்கயே நின்னா.

5. அவ பி.டி. மேடமா ஆனதும் பாத்தா, அவளோட டீமும் அதேதான். ஆறு காலேஜ் ஆடற லீக்ல கடைசி ரெண்டு இடம் எப்பவும் நம்ம பக்கத்துக் காலேஜுங்களுக்குத்தான். அப்பதான் குண்டான் யோசனை வந்தது. எங்க கல்யாணத்துக்கு அவ தாய்மாமன் எல்லப்பன் குடுத்த குண்டான். அதுக்குன்னு அவ போட்ட ரூல் ரெண்டுதான்:

அ) கடைசி ரெண்டு இடத்து டீமும் ஒரு மேட்ச் ஆடணும். தோத்த டீமுக்குக் குண்டான். ஆனா கடைசி விசில் வரைக்கும் மைதானத்துல நின்னு தோத்தாதான். பாதியில போனா குண்டான் கிடையாது.

ஆ) அந்த மேட்ச்ல வாங்கின ஒவ்வொரு கோலுக்கும் குண்டானோட அடியில ஒரு ஓட்டை.

ஓட்டை போட்டது நான். ஆறு எம்.எம். டிரில். ஒவ்வொண்ணையும் உள்பக்கம் வெளிப்பக்கம் பிசிறு எடுத்து, விரல் விட்டுப் பாத்துத்தான் குடுத்தேன். எந்தப் பொண்ணு கையும் கிழிஞ்சது கிடையாது. எல்லப்பன் மாமாவுக்கு விஷயம் தெரிஞ்சப்ப, மாப்ள, சீர் குடுத்த பாத்திரத்துல ஓட்டை போடறதுக்கு டிப்ளமோ வேற படிச்சீங்களான்னு போன்ல கேட்டாரு. அடுத்த வருசம் மேட்ச் பாக்க அவரே முதல் ஆளா வந்துட்டாரு.

6. குண்டானை வாங்கறதுக்கு ஒரு முறை இருக்கு. மேட்ச் முடிஞ்சதும் தோத்த டீம் நடு மைதானத்துல நின்னு அதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கணும். ஜெயிச்ச டீம் ஒரு கேன் மோரைக் கொண்டாந்து அதுல ஊத்தணும். ஊத்தின உடனே அடியில ஒழுகும். ஒழுகி முடியறதுக்குள்ள ரெண்டு டீமும் கீழ நின்னு டம்ளர்லயோ, கையிலயோ, வாயிலயோ பிடிச்சுக் குடிக்கணும். முதல் வருசம் ஏழு ஓட்டை. எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வாய் கிடைச்சது. அப்புறம் ஓட்டை கூடக் கூட மோரு சீக்கிரம் இறங்கிடும். தள்ளுமுள்ளுல தலையெல்லாம் மோரு, காதெல்லாம் கறிவேப்பிலை. போன வருசம் காவேரிப்பட்டினம் பி.டி. சாரு மைக்கேல்ராஜ் வெள்ளைச் சட்டையில வந்து மாட்டிக்கிட்டாரு. அவரைப் பொண்ணுங்க, சார் நீங்களும் ஒரு கோல் வாங்கிட்டீங்கன்னு ஓட்டினாங்க. ஜெயிச்ச பொண்ணு எது, தோத்த பொண்ணு எதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியாது. ஜெர்சி கலரே தெரியாது.

குண்டான் வந்ததுல இருந்து அந்த மேட்ச்ல ஒரு வாக் ஓவர் கூட கிடையாது. போட்டி நடத்தற கமிட்டியே இதை மறுக்காது.

7. போன மாசம் நடந்த மேட்ச்சைப் பத்திச் சொல்லணும். சரிதா இல்லாம அந்தக் காலேஜ் டீமுக்குப் புது பி.டி. போடல. கேப்டன் அனிதாங்கற பொண்ணுதான் எல்லாரையும் சேத்துப் பிராக்டிஸ் பண்ணுச்சு. பரீட்சை வேற. அன்னிக்கு மைதானத்துக்கு வந்ததே எட்டுப் பேர். எதிர்ல சிங்காரப்பேட்டை டீம், பதினொண்ணு. ஏழு பேருக்குக் கீழ போனா மேட்ச் ரத்துன்னு சட்டம். அதனால ஒருத்தருக்கு மேல வெளிய போக முடியாது. ரெண்டாவது பாதியில ஒரு பொண்ணுக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. வெளிய போகச் சொன்னாங்க, போகல. கோல் போஸ்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் லைனுக்கு வெளிய நின்னு பாத்தேன். நாலு கோல் விழுந்தது. எட்டுப் பேரும் மைதானத்துல இருக்கும்போதுதான் ரெஃப்ரி கடைசி விசில் ஊதினாரு.

சிங்காரப்பேட்டை பொண்ணுங்க மோர் கேனைத் தூக்கிட்டு நடுவுக்கு வந்துடுச்சுங்க. மேட்ச் இல்லாதப்ப குண்டான் கமிட்டி ரூம்லதான் இருக்கும். அனிதா கமிட்டி மேசைக்குப் போயி குண்டான் கேட்டுச்சு. பாலிஷுக்குப் போயிருக்கு, விழாவுல பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்படியா சாருன்னு கேட்டுட்டுத் திரும்பி வந்து நடுவுல நின்னுச்சு. என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. மோரைத் தனியா ஊத்திக் குடிக்கலாம்னு கூட யாருக்கும் தோணல. கேனை மூடி அப்படியே வேன்ல ஏத்திட்டாங்க.

8. ஒரு வாரம் கழிச்சு, பாலிஷ் போடற பஃபிங் பட்டறை வச்சிருக்கற வெள்ளைச்சாமி அண்ணன் எனக்கு போன் பண்ணாரு. எங்க கம்பெனி வேலையெல்லாம் அவர்கிட்டதான் போகும். தம்பி, உங்க வூட்டம்மா பேரு போட்டு ஒரு சாமான் வந்திருக்கு, பாத்துட்டுப் போறியான்னாரு. போனேன். பதினெட்டு ஓட்டையையும் ஆர்கான் வெல்டிங் வச்சு அடைச்சு, தேச்சு, மேல வெள்ளிக் கலர் ஏத்தி, அடியில கட்டை வச்சு நிறுத்தியிருந்தாங்க. நெளிவைக் கூட தட்டி எடுத்துட்டாங்க. வெல்டிங் வேற இடத்துல போட்டதாம். நல்ல வேலைதான், நான் குறை சொல்ல மாட்டேன். கையை உள்ள விட்டுப் பாத்தேன். வழவழன்னு இருந்தது.

சரிதா இறந்த அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியல. அழு, அழுன்னு எல்லாரும் உலுக்கிப் பாத்தாங்க. காரியம் முடிஞ்சு ஷிஃப்டுக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். உப்பு இருக்கா இல்லையான்னு கூட தெரியாது. அந்தப் பட்டறையிலதான் எனக்குக் கோவம் வந்தது. இத்தனை மாசத்துல எனக்கு வந்த முதல் விஷயம் அதுதான். அதனால இதை நான் விடறதா இல்ல.

9. கமிட்டி செயலாளர் திரு. சென்னகிருஷ்ணன் அவர்களை நேர்ல பாத்துப் பேசினேன். அவரு கெட்டவரு இல்ல. சரிதா இறந்தப்ப முதல் ஆளா வந்து, ராத்திரி முழுக்க ஷாமியானா பந்தல்ல உக்காந்திருந்தவரு. வெல்டிங், பாலிஷ் எல்லாமே அவரு கைக்காசு. அவரு சொன்ன காரணங்களை நியாயமா இங்க எழுதறேன்.

ஒண்ணு, போன வருசம் ஒரு பொண்ணோட அப்பா, என் மகளை ஊரு பாக்க ஓட்டைச் சாமானைத் தூக்க வச்சுட்டாங்கன்னு புகார் குடுத்திருக்காரு. ரெண்டு, குண்டானுக்கு ஆசைப்பட்டு டீமுங்க வேணும்னே தோக்குதுன்னு ஒரு பேச்சு இருக்கு. மூணாவது அவரே என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னது. தம்பி, செத்துப்போன பொண்ணு பேரை யாராவது ஓட்டைக் குண்டான் மேல எழுதுவாங்களா, நாலு பேரு பாத்து நிமிர்ந்து நிக்கற மாதிரி ஒண்ணு பண்ணணும்னுதான் பண்ணேன்னாரு.

என் பதில்:

அந்த அப்பா மேட்ச் பாக்க வரல. போட்டோதான் பாத்திருக்காரு. வந்து பாத்திருந்தா அவரு தலையிலயும் மோரு விழுந்திருக்கும். அந்தப் பொண்ணு இந்த வருசமும் ஆடுச்சு. கால் பிடிச்சுக்கிட்டு போஸ்ட்டைப் பிடிச்சு நின்ன பொண்ணு அதுதான்.

வேணும்னே தோத்தாங்கங்கறதுக்கு, எட்டுப் பேரு பதினொரு பேரை எதிர்த்து முழு நேரமும் ஓடினதை ரெஃப்ரிகிட்ட கேட்டுக்கலாம். வேணும்னே தோக்கறவங்க பஸ் பிடிச்சுப் போயிடுவாங்க அம்மா. அதுதான் சுலபம். முன்னாடி அதைத்தான் பண்ணிட்டு இருந்தாங்க. அப்ப யாரும் புகார் குடுக்கல.

மூணாவதுக்கு என்கிட்ட இருக்கற பதில் என் தொழில்ல இருந்துதான் வரும். வார்ப்புல ஓட்டை விழுந்தா அதை ஓட்டைன்னு மார்க் பண்ணி வைக்கணும். சிலபேரு அதுல பட்டி அடைச்சு, தேச்சு, பெயிண்ட் அடிச்சு நல்ல பீஸோட சேத்து அனுப்பிடுவாங்க. பாக்க அழகா இருக்கும். எங்க தொழில்ல அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. வேலை போயிடும். செயலாளர் ஐயா நல்ல மனசுல என் மனைவிக்குப் பட்டி அடைச்சிருக்காரு. அவ்வளவுதான்.

10. அழைப்பிதழ்ல அவளைப் பத்தி ‘வெற்றிகளைக் குவித்த வீராங்கனை’னு அச்சடிச்சிருக்காங்க. அது உண்மைக்குப் புறம்பானது. அவ ஆடின டீம் ஒரு மேட்ச் கூட ஜெயிச்சது கிடையாது. அவ பயிற்சி குடுத்த டீம் ஒரே ஒரு மேட்ச் டிரா பண்ணுச்சு, அன்னிக்கு வீட்டுல பாயசம். அவ வாங்கின கோலு ஒவ்வொண்ணும் எப்படி விழுந்ததுன்னு என்கிட்ட நடிச்சுக் காட்டியிருக்கா. ஒண்ணு கால் நடுவுல போச்சு. ஒண்ணு தலையில பட்டு உள்ள போச்சு. ஒண்ணு அவ செருப்பு மாத்திட்டு இருக்கும்போது போச்சு. கட்டில்ல விழுந்து விழுந்து காட்டுவா. அந்தப் பொம்பளையை எனக்குத் தெரியும். அழைப்பிதழ்ல இருக்கறவங்க யாருன்னு எனக்குத் தெரியல. அவங்களுக்கு நான் புருஷனும் இல்ல. அவங்க பேர்ல நடக்கற விழாவுல, குடும்பத்தினர்னு எனக்குப் போட்டிருக்கற முன் வரிசை நாற்காலியும் எனக்கு வேணாம்.

11. முதல் இடம் வந்த டீம் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நல்லா ஆடறாங்க. அவங்களுக்கு எவ்வளவு பெரிய கோப்பை வேணாலும் குடுக்கலாம். கடையில கிடைக்கும். இது கிடைக்காது.

12. எனவே என் கோரிக்கைகள்:

அ) விழா மேடையில அந்தக் குண்டானைத் தங்க கையால முதல் இடம் வந்த டீமுக்குக் குடுக்கக் கூடாது.

ஆ) அதுல இருந்து ‘வெற்றி’ங்கற வார்த்தையை எடுக்கணும். அவ பேரு இருக்கணும்னா ‘சரிதா, கோல்கீப்பர்’னு மட்டும் இருக்கலாம். அது உண்மை.

இ) எட்டுப் பேரோட ஆடித் தோத்த அனிதா டீமுக்கு, அவங்க நியாயமா சம்பாதிச்ச குண்டானை அதே மேடையில, அதே மைக்ல பேரு சொல்லிக் குடுக்கணும். ஓரமா ஆபீஸ் ரூம்ல வச்சுக் குடுத்தா வாங்க மாட்டோம்னு அந்தப் பொண்ணுங்க சொல்லிடுச்சுங்க. எட்டுப் பேரும் இந்த மனுவுக்குப் பின்னாடி கையெழுத்து போட்டிருக்காங்க. அவங்களை ஜெயிச்ச சிங்காரப்பேட்டை கேப்டன் காவேரியும் போட்டிருக்கு. எங்களுக்கு வரவேண்டிய மோரு இன்னும் வரலன்னு அந்தப் பொண்ணு தனியா ஒரு வரி எழுதியிருக்கு. அதையும் கோரிக்கையா எடுத்துக்கணும்.

ஈ) அடைச்ச ஓட்டைகளைத் திரும்பப் போடவும், இந்த வருசத்து நாலு ஓட்டையைப் புதுசா போடவும் எனக்கு அனுமதி தரணும். வெல்டிங் போட்ட இடம் பாலிஷுக்கு அடியில எப்படி இருந்தாலும் என் விரலுக்குத் தெரியும். கூலி வேணாம்.

13. தாங்க விழாவுக்கு வராம இருக்கணும்னு நான் கேக்கல. வரணும். சாதா சேலையில வந்தா நல்லது, மோர்க் கறை போகாது.

இந்த மனு சனிக்கிழமைக்குள்ள பரிசீலனைக்கு வராமப் போகலாம்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல எவ்வளவு மனு இருக்கும்னு வாசல்ல நின்னப்பவே பாத்தேன். அதனால ஒண்ணை மட்டும் இப்பவே எழுத்துல தெரிவிச்சுடறேன். அனுமதி வந்தாலும் வராட்டாலும் சனிக்கிழமை நான் மைதானத்துல இருப்பேன். பேட்டரி டிரில்லிங் மெஷின், ஆறு எம்.எம். பிட் ரெண்டு, ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு. கமிட்டியோட கரண்ட் எனக்குத் தேவைப்படாது. அந்தக் குண்டானை மேடையில எந்த டீம் கையில குடுத்தாலும் நான் மேல ஏறி, வாங்கி, கவுத்து வச்சு, வேலையை ஆரம்பிப்பேன். மொத்தம் இருபத்திரெண்டு. பிசிறு எடுக்கறதோட சேத்து அரை மணி நேரம் ஆகும். பேச்சாளர்கள் அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாம்.

இதை மிரட்டல்னு யாராவது சொன்னா, காவல் நிலையத்துக்குக் குடுக்க இந்த மனுவோட ஒரு நகலை நானே இணைச்சிருக்கேன். என்னைப் பிடிச்சு நிறுத்தறதா இருந்தாலும், ஓட்டை போட்டு முடிச்ச பிறகு நிறுத்தணும்னு கேட்டுக்கறேன். பாதியில விட்டா அலுமினியத்துல பிசிறு நிக்கும். பொண்ணுங்க கை கிழியும்.

இடம்: ஓசூர்
நாள்: 10.03.2025

இப்படிக்கு,
மு. கௌதம்
(கோல்கீப்பர் சரிதாவின் கணவர்)

இணைப்பு:
விழா அழைப்பிதழ் நகல்.
காவல் நிலையத்துக்கான நகல்.